பாய் விரிக்க இரண்டு பேர்

பட்டறையில் என் வேலை கண் அடிப்பது. உடனே முகத்தைச் சுளிக்க வேண்டாம். லாரிக்குப் போடும் தார்ப்பாயின் ஓரம் நெடுக, கயிறு கோப்பதற்குப் பித்தளை வளையம் வைக்க வேண்டும். பில்லில் அதை ஐலெட் என்று எழுதுவார்கள், எங்கள் வாயில் அது கண். துணியில் துளை போட்டு, வளையத்தை வைத்து, சுத்தியலால் ஒரே போடு. ஒரு நாளைக்கு முந்நூறு அடிப்பேன். "புருஷன் ஊர்ல இல்ல, இவ பாட்டுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு தடவை கண்ணடிக்கிறா" என்று துணி வெட்டும் கத்திரி அக்கா சொல்லாத நாள் கிடையாது. அவர் கையில் இருக்கும் கத்திரிக்கு உறை உண்டு, வாய்க்கு இல்லை.

புருஷன் ஊரில் இல்லை என்பது உண்மைதான். மூன்று வருடமாக ஏதோ ஒரு பாலைவனத்தில் கிரேன் ஓட்டுகிறார். சுற்றிலும் மணல், நடுவில் ஒரு தொழிற்சாலை, அறைக்கு நான்கு பேர். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. எனக்கு அன்று நான்கரைக்கெல்லாம் பட்டறை முடிந்துவிடும். ஐந்து மணிக்குக் கூடத்தில் என் பாயை விரித்து உட்கார்ந்து, போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்துப் பேசுவேன்.

ஆரம்பத்தில் பேச ஒன்றும் இருக்காது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு. அம்மா?"

"நல்லா இருக்காங்க."

அத்தோடு பேச்சு தரை தட்டிவிடும். கல்யாணமாகிப் பதினோரு வருடம். பிள்ளை குட்டி என்று பேச ஒரு சாக்கும் இல்லை. எங்களுக்குள் சண்டை கிடையாது என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். சண்டை போடுவதற்கும் நாலு வார்த்தை வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவர் போன ஆறாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கையில் ஒரு மடிப்புத் தாளோடு திரையில் வந்தார். வேலையை விட்டுப் போன இன்ஜினியர் ஒருவரின் மேஜை டிராயரில் கிடந்ததாம். தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் ஏழு நாள், பாய்மரப் படகில் பயணம், நீங்களே மாலுமி என்று அதில் போட்டிருப்பதாகப் படித்துச் சொன்னார். படத்தில் கடல் பச்சையாக இருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைப் படகு, படகின் மேல் முக்கோணமாக இரண்டு பாய்.

"போலாமா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"உரலுக்கே வழியில்லையாம், உலக்கைக்குப் பூண் கேக்குதா?" என்றேன். ஆனால் போனைக் கிட்டத்தில் இழுத்து, அந்தப் பாயின் மூலையைப் பார்த்தேன். மூலையில் மூன்று மடிப்புத் துணி வைத்துத் தைத்திருந்தார்கள். சரியான தையல். காற்று பிடித்து இழுக்கும்போது அடி விழுவது மூலைக்குத்தான். "நல்லாத் தெச்சிருக்காங்க" என்றேன். "அப்படியா? எப்படிச் சொல்ற?" என்று கேட்டார். கல்யாணமானதிலிருந்து என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை என்றால் படகுதான். நான் அவரைக் கேப்டன் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்துக் கடலில் டிசம்பர் முதல் மார்ச் கடைசி வரை வடகிழக்குக் காற்று, மழை குறைவு, அலை அடங்கியிருக்கும், போனால் அப்போதுதான் போக வேண்டும் என்று கேப்டன் எங்கிருந்தோ படித்துவிட்டு வந்தார். தீவுகளின் பேர் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பேர் வைத்தோம். முதல் நாள் ராத்தங்கல் முதுகுத்தீவில், அது படத்தில் குப்புறப் படுத்தவன் முதுகு மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் குகைத்தீவு, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து உள்ளே போய்விட்டு ஏறும் முன்னால் வெளியே வந்துவிட வேண்டும். மூன்றாம் நாள் சும்மாத்தீவு. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, அதனால் சும்மா இருப்பது என்று முடிவு செய்தோம். சும்மா இருப்பதற்கே நான்கு வெள்ளிக்கிழமை பேசினோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நங்கூரத்தை அவர் போடுவார், கயிற்றை நான் கட்டுவேன். குடிதண்ணீர்த் தொட்டி முந்நூறு லிட்டர், தினமும் தலைக்குக் குளித்தால் தாங்காது. சமையல் மூலையில் இடது கைப் பக்கம் இரண்டாவது டிராயரில் கரண்டி, அதற்குக் கீழே கத்தி. படகு சாயும்போது மேல் டிராயர் திறந்துகொண்டால் கத்தி காலில் விழும், அதனால் கத்தி கீழேதான் இருக்க வேண்டும் என்று கேப்டன் உத்தரவு. அங்கேயே ஐந்து நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தருவார்களாம். தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. பாய் ஏற்றி இறக்கத் தெரிந்தவர்கள் படகில் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும்.

"ரெண்டு பேர் இருக்கோமே" என்றேன்.

"இருக்கோமே" என்றார் அவரும். அந்த ஒரு வார்த்தையை அந்த வாரம் முழுக்க வாயில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

இந்தப் பேச்செல்லாம் வீட்டில் இருந்த மூன்றாவது ஆளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், முப்பது வருடம் தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். பேச்சும் அப்படித்தான், ஒரு குத்து, அடுத்த கடிதம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் போன் அடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். கதவையும் சாத்திவிடுவார். ஒரு நாள் நல்ல மழை. அப்போதும் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியேதான் உட்கார்ந்திருந்தார். மகன் பணத்தைக் கடலில் கொட்டத் திட்டம் போடுகிறாள் மருமகள் என்று கோபம்போல என்று நானும் விட்டுவிட்டேன். உள்ளே எங்கள் பேச்சு இப்படிப் போகும்:

"காத்து பலமா அடிக்குதுன்னு வெச்சுக்க. பெரிய பாயா, சின்னதா?"

"சின்னதே போதும். பெரிசை விரிச்சா நீங்க தாங்க மாட்டீங்க."

"நான் தாங்குவேன். நீ ஒரு பக்கம் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

"நனைஞ்சுட்டா?"

"காய வெச்சு மறுபடி விரிச்சுக்கலாம்."

நடுவில் ஒரு தடவை லீவில் வந்தார், ஒரு மாதம். எத்தனை ஆசையோடு காத்திருந்தேன் என்று சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒழுகிய குழாயைச் சரிசெய்தார். டி.வி. பார்த்தார். விருந்தாளிக்குக் காபி கொடுப்பதுபோல நான் கொடுத்தேன், அவரும் விருந்தாளி மாதிரியே "தேங்க்ஸ்" என்றார். கட்டிய பெண்டாட்டிக்குத் தேங்க்ஸ்! இரண்டாம் நாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "கரண்டி எங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரே அறை, அதில் அத்தையின் கட்டில். நான் கூடத்தில் படுப்பவள். அவருக்கு இன்னொரு ஒற்றைப் பாயை என் பாய்க்குப் பக்கத்தில் விரித்தேன். எவ்வளவு ஒட்டி விரித்தாலும் விடியும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் வெறுந்தரை தெரிந்தது. அந்த ஒரு மாதத்தில் படகைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திரும்பிப் போய், முதல் வெள்ளிக்கிழமை போனில் வந்து, "சும்மாத்தீவுல தூண்டில் போடலாமா?" என்று கேட்டபோது எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பிப்ரவரியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. மார்ச்சில் படகு. அது எங்களுக்குள் பேசி முடித்த விஷயம். பட்டறையில் பதினைந்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கத்திரி அக்கா வெட்டிப் போட்ட துண்டில் ஒரு கைப்பிடித் துணியை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் கொக்கியில் கயிறு மாட்டி, படகுப் பாய் மாதிரி ஏற்றி இறக்கிப் பழகினேன்.

நவம்பரில் இரண்டாவது வெள்ளி. கேப்டன் அன்று ரொம்ப உற்சாகமாகப் பேசினார். சத்தம் சற்று அதிகமாகவே இருந்தது.

"கொஞ்சம் பெரிய படகா எடுக்கலாம்னு பார்க்கிறேன். இப்ப இருக்கிறதெல்லாம் பழசு. ரெண்டு வருஷத்துல புதுசு வரும்."

"ரெண்டு வருஷமா?"

அவருக்குப் பின்னால் யாரோ பக்கெட்டில் துணி அலசும் சத்தம் கேட்டது.

"இன்னொரு ரெண்டு வருஷம் நீட்டிக் குடுத்தாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எப்ப?"

"போன மாசம்."

போன மாதம் நான்கு வெள்ளிக்கிழமை. நான்கிலும் குகைத்தீவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வற்றும் என்று என்னோடு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். பேசினால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது. போனை அணைத்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அடுத்த வெள்ளி போன் அடித்தது, எடுக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் எடுக்கவில்லை. அந்த வாரம் பட்டறையில் பதினேழு கண் கோணலாக விழுந்தது. கத்திரி அக்கா தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கேலி ஒன்றும் செய்யாமல், கோணல் கண்களை அவரே பிடுங்கி எடுத்தார். அவர் கேலி செய்யாததுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் போனில் படகுக் கம்பெனியின் படிவத்தைத் திறந்தேன். நான் மட்டும் போகிறேன், யாருக்கு என்ன வந்தது என்று ஒரு வீம்பு. மொத்தம் எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டேன். பாய் ஏற்றத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்திலும் ஒன்று. கட்டம் சிவப்பானது. குறைந்தது இரண்டு என்று வந்தது. மறுபடி ஒன்று போட்டேன், மறுபடி சிவப்பு.

"ஒத்தையாப் போக முடியாதுன்னு வருஷக்கணக்கா வெளிநாட்டுல அலையுற மனுஷனுக்குப் புரியல, மெஷினுக்குப் புரியுது பாருங்க" என்றேன் கத்திரி அக்காவிடம்.

"வேணும்னா என் பேரைப் போடேன். நான் கயிறை வெட்டத்தான் லாயக்கு" என்றார் அக்கா. சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மூன்றாவது வெள்ளி. ஐந்து மணி. கூடத்து ஜன்னல் வழியாக வெயில் தரையில் நீட்டி விழுந்திருந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அத்தை வழக்கம்போல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர், போகாமல் நின்றார்.

"என்ன, இன்னைக்கும் பாய்ச் சண்டையா?"

"என்ன அத்தை?"

"கதவைச் சாத்தினாலும் ரெண்டு வருஷமாக் கேக்குது. வெள்ளிக்கிழமை ஆனா பாய், பாய், பாய். பெரிசா சின்னதா, நனைஞ்சா என்ன, கிழிஞ்சா யார் தைக்கிறது. புருஷன் பொண்டாட்டி ஆயிரம் பேசுவீங்க, என் காதுல விழக்கூடாதுன்னுதானே மழையிலகூடப் போய் வெளிய உக்காந்தேன்?"

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் காது இரண்டும் சூடாகிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அத்தை நாற்காலியை வைத்துவிட்டு அறைக்குள் போய், கட்டிலுக்கு அடியில் குனிந்து, செய்தித்தாள் சுற்றிய நீளமான சுருள் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். தாளில் ஒன்றரை வருடத்துத் தூசி. பிரித்தால், புத்தம் புதுக் கோரைப்பாய். இரட்டைப் பாய்.

"அவன் லீவுல வந்தப்ப பார்த்தேன். ரெண்டு ஒத்தப் பாய், நடுவுல தரை. எனக்கு மனசு கேக்கல. அவன் கிளம்பின மறுநாளே போய் வாங்கிட்டேன். குடுக்கத்தான் வெக்கமா இருந்துச்சு. மாமியார் குடுக்கிற சாமானா இது?"

வயிறு வலிக்கச் சிரித்தேன். சுவரில் சாய்ந்து சிரித்தேன். சற்று நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். விக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், படகு, தீவு, வடகிழக்குக் காற்று, கேப்டன் போட்ட கையெழுத்து.

"ஓ, கப்பல் பாயா?" என்றார் அத்தை. "எந்தப் பாயா இருந்தா என்ன? விரிக்க ரெண்டு பேர் வேணும்தானே?"

முத்திரை குத்தியாகிவிட்டது.

அந்தப் பாயை விரிக்க நிஜமாகவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒன்றரை வருடம் சுருண்டு கிடந்த பாய், ஒரு முனையை விட்டால் ஓடிப்போய் மறு முனையில் ஒட்டிக்கொண்டது. அத்தை ஒரு தலைப்பில் ஏறி நின்றார், நான் மறு தலைப்பை இழுத்துக்கொண்டு போய் அரிசி டப்பாவை வைத்தேன். கூடம் முழுக்கப் பாயாகிவிட்டது. கோரை வாசனை குப்பென்று வந்தது. மறுபடி போன் அடித்தது.

"எடு" என்று சொல்லிவிட்டு, அத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

திரையில் அவர் இளைத்துத் தெரிந்தார். சவரம் செய்யவில்லை. நான் முகத்தைக் காட்டாமல் போனைத் திருப்பி, பாயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காட்டினேன்.

"என்ன இது?"

"உங்கம்மா வாங்கினது. நாம பேசினது இந்தப் பாயைப் பத்தின்னு நினைச்சிட்டாங்க, இத்தனை நாளா."

அவர் சிரிக்கப் போனார். சிரிப்பு வரவில்லை. நான் உதவிக்கு ஒரு வார்த்தை கொடுக்கவில்லை.

"அங்க வந்தா எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல" என்றார் கடைசியில். "வீட்டை நீ உன் கையில வெச்சு நல்லா நடத்தற. நான் நடுவுல வந்து நிக்கிறேன். எது எங்க இருக்குன்னுகூடத் தெரியல. படகுல மட்டும்தான் எனக்கு ஒரு இடம் இருக்கு. அதான், வர பயந்து… கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அன்னைக்குக் கரண்டி எங்கன்னு கேட்டீங்களே."

"ஆமா."

"இடது கைப் பக்கம், ரெண்டாவது டிராயர். கத்தி அதுக்குக் கீழ. நீங்க சொன்ன மாதிரியே, நீங்க வர முந்தின வாரம் எல்லாத்தையும் மாத்தி வெச்சேன். திறந்து பார்த்தா தெரிஞ்சிருக்கும். நீங்க வாசல்லயே நின்னுட்டீங்க."

போன் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, அவர்தான் அசையாமல் இருந்தார். பிறகு கையால் கண்ணை அழுத்தித் துடைத்தார்.

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். என் கொழுப்பு. நீங்களாத் திறக்கணும்னு இருந்தேன்." பாயின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னேன். "இங்க பாருங்க, எனக்கு நீங்க வேணும். போன்ல இருக்கிற கேப்டன் இல்ல. குழாயைச் சரிபண்ணிட்டுத் தரையெல்லாம் தண்ணியா விட்டுட்டுப் போற ஆளு வேணும்."

"கையெழுத்துப் போட்டாச்சே. விடுவாங்களான்னு கேட்டுப் பார்க்கிறேன்."

"மார்ச் கடைசி வரைக்கும்தான் காத்து. நீங்கதான் சொன்னீங்க. நாளைக்குப் படிவத்துல ரெண்டு பேர்னு போடப் போறேன். ரெண்டாவது பேர் உங்களோடது. கேட்டுப் பார்க்க வேணாம். வாங்க."

அவர் தலையாட்டினார். வருவேன் என்று வாயால் சொல்லவில்லை. போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பாயையே பார்த்தார்.

"இதுல எனக்கு எந்தப் பக்கம்?"

"ஜன்னல் பக்கம்."

போனை வைத்த பிறகு நான் பாயில் என் பக்கத்தில் படுத்தேன். அத்தை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "சுருட்டி வெச்சிடவா?" என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். மாலை வெயில் நகர்ந்து வந்து ஜன்னல் பக்கம் படுத்திருந்தது. கையை நீட்டித் தொட்டேன், அங்கே கோரை சூடாக இருந்தது. அவர் வரும்வரை வெயில் அங்கே படுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். மார்ச் வரைக்கும்தான்.